கடைவாசலில் பேச்சு தொடங்கட்டும்

ஓர் ஊரில் எல்லாத் தரப்பு மக்களும் தவறாமல் வந்து போகும் இடம் எது என்று கேட்டால், கோயில் என்று சிலரும் பள்ளிக்கூடம் என்று சிலரும் சொல்லக்கூடும். கோயிலுக்கு வராதவர் உண்டு; பள்ளியில் படிக்கப் பிள்ளை இல்லாதவரும் உண்டு. ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்காதவர் எவரும் இல்லை. பத்து ஆண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பத்தாரும் ஒரே மளிகைக் கடையில்தான் புளியும் மிளகாயும் வாங்குகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இருவரையும் தெரியும். இருவரும் அவரிடம் பேசுவார்கள். இப்படி ஓர் இடம் ஊரில் வேறு கிடையாது. இந்த இடத்தின் பலத்தை வணிகர்களாகிய நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதை விளக்க, அமெரிக்காவின் துப்பாக்கிப் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். பலசரக்கு வியாபாரிகளின் இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கான பதிலை அங்குள்ள கடைகளே சொல்கின்றன.

2019 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. டெக்சாஸ் மாநிலம் எல் பாசோ நகரில், பள்ளி திறக்கும் நேரத்துச் சாமான்கள் வாங்கக் கூட்டம் கூடியிருந்த வால்மார்ட் கடையில் ஒருவன் சுட்டான். 23 உயிர்கள் போயின. 2021 மார்ச் 22இல் கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் கிங் சூப்பர்ஸ் என்னும் பலசரக்கு அங்காடியில் 10 பேர் கொல்லப்பட்டனர். 2022 மே 14, மறுபடியும் ஒரு சனிக்கிழமை. நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் டாப்ஸ் என்னும் அங்காடியில் 10 பேர். மூன்று இடங்களிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குச் சாமான் வாங்க வந்தவர்களும், கடையில் வேலை பார்த்தவர்களும்தான். போர்க்களத்துக்குப் போனவர்கள் எவரும் இல்லை.

பத்திரிகைகளில் பெரிதாக வரும் இத்தகைய சம்பவங்கள் மொத்தக் கணக்கில் சிறு பகுதியே. 2023ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 46,728 பேர். நாள் ஒன்றுக்குச் சராசரி 128 பேர். இவர்களில் சுமார் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அதாவது நூற்றுக்கு 58 பேர். கொலையுண்டவர்கள் சுமார் 18 ஆயிரம் பேர். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

இரு தரப்பும் ஏன் பேசுவதில்லை?

துப்பாக்கி வைத்துக்கொள்வது அமெரிக்கர்களுக்கு அரசியல் சட்டம் அளித்துள்ள உரிமை. 1791ஆம் ஆண்டு செய்யப்பட்ட இரண்டாவது திருத்தத்தில் அது இடம்பெற்றுள்ளது. வேட்டைக்குப் போகிறவர், ஒதுக்குப்புறத்தில் பண்ணை வீடு வைத்திருப்பவர், தற்காப்புக்கு வேண்டும் என்பவர் எனக் கோடிக்கணக்கானோர் அதைத் தம் பாட்டன் சொத்துபோல் கருதுகின்றனர். மறுபக்கம், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தந்தையரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் நிற்கின்றனர். இவர் வாயைத் திறந்தால் "எங்கள் உரிமையைப் பறிக்க வருகிறான்" என்று அவர் சொல்கிறார். அவர் வாயைத் திறந்தால் "உயிரின் அருமை தெரியாதவன்" என்று இவர் சொல்கிறார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அதுபோல இந்தப் பிளவில் குளிர்காயும் அரசியல்வாதிகளுக்கும் பஞ்சமில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவர் கடைக்காரர். இரண்டு தரப்பும் அவருக்கு வாடிக்கையாளர்கள். எந்தப் பக்கம் பேசினாலும் வியாபாரம் போகும் என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் மூடிய வாயும் அவரைக் காப்பாற்றுவதில்லை. 2013இல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளுக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று. வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்திச் செல்லச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், சட்டம் சொல்கிறபடி நடப்போம் என்று அந்நிறுவனம் ஒதுங்கியிருந்தது. உடனே துப்பாக்கி ஆதரவாளர்கள் "எங்கள் பக்கம் இருக்கிறார்கள்" என்று பாராட்டு நாள் கொண்டாடி, இடுப்பில் துப்பாக்கியோடு காபி குடிக்க வந்தனர். எதிர்ப்பாளர்கள் கடையைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். இரு தரப்பும் சண்டை போடும் மேடையாகக் கடை ஆகிவிட்டது. கடைசியில் அவ்வாண்டு செப்டம்பரில் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், "தயவுசெய்து துப்பாக்கியோடு வராதீர்கள், இது வேண்டுகோள், தடை ஆகாது" என்ற பொருளில் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

இதில் வணிகர்களுக்கு ஒரு பாடம் உண்டு. நாம் பேச்சைத் தொடங்காவிட்டால் மற்றவர்கள் நம் கடையிலேயே சண்டையைத் தொடங்குவார்கள்.

துப்பாக்கி விற்றவரே தொடங்கிய பேச்சு

அப்படியானால் எப்படித் தொடங்குவது? இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே ஹூக்செட் என்னும் ஊரில் ரால்ஃப் டிமிக்கோ என்பவர் துப்பாக்கிக் கடை நடத்தி வந்தார். 2009இல், ஒரு வாரம் முடிவதற்குள், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத மூன்று பேர் அவர் கடையில் துப்பாக்கி வாங்கிச் சென்று சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சட்டப்படி செய்ய வேண்டிய சோதனைகளில் எந்தக் குறையும் இல்லை. ரசீது சரி, பதிவேடு சரி. சட்டத்தின் கண்ணில் அவர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

"நான் சரக்கு விற்றேன், அவன் வாங்கினான், அதற்கு மேல் எனக்கென்ன?" என்று அவர் இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர்களோடும் மற்றத் துப்பாக்கி வியாபாரிகளோடும் ஒரே மேசையில் உட்கார்ந்தார். இந்த இரு கூட்டத்தாரும் அதுவரை ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்து வந்தவர்கள். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி அவர்களுக்குள் உடன்பாடு கிடையாது. அதைப் பேசவும் அவர்கள் கூடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சிறியது: மனம் உடைந்து நிற்கும் ஒருவன் கையில் இன்றைக்குத் துப்பாக்கி போகாமல் இருக்க, கவுண்டரில் நிற்கும் நாம் என்ன செய்யலாம்?

அந்தக் கேள்விக்கு யாரும் "வேண்டாம்" சொல்ல முடியாது. உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சிறிது நேரம் வந்து போகும் அலை. அந்த நேரத்தில் கையில் இருப்பது எது என்பதைப் பொறுத்தே உயிர் தங்குவதும் போவதும். துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொள்வோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. கொஞ்ச நேரமும் கொஞ்ச தூரமும் இடையில் வந்துவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அக்கூட்டத்தில் பிறந்தவை பெரிய திட்டங்கள் அல்ல. வாங்க வருபவரிடம் எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும், எப்படிப் பேச்சுக் கொடுக்க வேண்டும், விற்க மறுக்க விற்பனையாளருக்கு எப்போதும் உரிமை உண்டு என்பனவற்றைச் சொல்லும் ஒரு தாள். கடையில் மாட்ட ஒரு சுவரொட்டி. வாடிக்கையாளர் எடுத்துச் செல்ல ஒரு துண்டுப் பிரசுரம். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாள்வதற்கு அங்கே "பத்துக் கட்டளைகள்" என்று வழங்குவது உண்டு. அவற்றோடு பதினோராவது கட்டளை ஒன்றைச் சேர்த்தார்கள்: வீட்டில் ஒருவர் மனம் நொந்திருந்தால், சிறிது காலத்துக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வேறிடத்தில் வைத்துவிடு. பின்னர் முன்னறிவிப்பின்றி மாநிலத்தின் துப்பாக்கிக் கடைகளுக்குச் சென்று பார்த்தபோது, ஏறத்தாழ பாதிக் கடைகளில் இவற்றில் ஏதேனும் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

இது ஏன் பலித்தது? சொன்னவர் துப்பாக்கி வியாபாரி. "எங்கள் ஆள் சொல்கிறார்" என்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் காது கொடுத்தார்கள். இதையே ஒரு சர்க்கார் அதிகாரி சொல்லியிருந்தால் சுவரொட்டி கிழிந்திருக்கும்.

இந்த நிலை நமக்குப் புதிதும் அல்ல. எலி மருந்து கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரக்கு தீர்ந்துவிட்டது, உட்காருங்கள், ஒரு டீ சாப்பிடலாம்" என்று பேச்சுக் கொடுத்து, வீட்டாருக்குச் சொல்லி அனுப்பக்கூடிய மளிகைக்காரர்கள் நம்மிடையே இல்லையா? பூச்சிமருந்து விற்பவர்களுக்கும் இது பொருந்தும். கவுண்டருக்கு அப்பால் நிற்பவரின் முகம் படிக்கத் தெரிந்தவர் வணிகர். அந்தப் படிப்பை ஊருக்காகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் கூத்து போதாது

வணிகர்கள் முன்னின்ற இன்னொரு முயற்சியையும் பார்ப்போம். 1993 டிசம்பரில் நியூயார்க் நகரின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் ஃபெர்னாண்டோ மாட்டியோ என்னும் கம்பள வியாபாரி, தம் 14 வயது மகன் சொன்ன யோசனையைக் கேட்டு ஒரு காரியம் செய்தார். காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைப்போருக்கு 100 டாலர் மதிப்புள்ள பொம்மைக் கடைக் கூப்பன். "யாருடையது, எங்கே கிடைத்தது" என்ற கேள்வி கிடையாது. கிறிஸ்துமஸ் நேரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் வந்து குவிந்தன. ஒரு சாதாரணக் கடைக்காரர் நாடு முழுவதும் பேசப்பட்டார்.

மனத்தைத் தொடும் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வியாபாரி என்ற முறையில் லாப நட்டக் கணக்கையும் பார்க்க வேண்டும் அல்லவா? இதற்கு முந்தைய ஆண்டு, 1992இல், சியாட்டில் நகரில் காசு கொடுத்துத் துப்பாக்கிகளை வாங்கிய திட்டத்தை ஆராய்ந்தவர்கள், துப்பாக்கிக் குற்றமும் சாவும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 1994இல் எழுதினார்கள். அலமாரியில் கிடந்த பழைய துப்பாக்கிகளே பெரும்பாலும் இத்தகைய திட்டங்களுக்கு வருகின்றன. உண்மையில் சுடுகிறவன் தன் துப்பாக்கியைக் கூப்பனுக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் அந்தச் செலவு வீணா? பொருளாகப் பார்த்தால் பலன் சிறிது. பேச்சைத் தொடங்கும் வழியாகப் பார்த்தால் பலன் உண்டு. ஒரு தெருவே "நம் வீட்டில் இது எதற்கு?" என்று கேட்டுக்கொண்டது. ஆனால் தொடங்கிய பேச்சை அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் நடத்த ஆள் வேண்டும். தள்ளுபடி விற்பனைக்கு வரும் கூட்டம் நிரந்தர வாடிக்கை ஆகாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடையைத் திறக்கலாமா என்று கேட்ட ஊர்

பஃபலோ நகரின் ஜெஃபர்சன் அவென்யூவில் இருக்கும் டாப்ஸ் அங்காடி, கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் உள்ளது. நல்ல பலசரக்குக் கடை ஒன்று வேண்டும் என்று அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் போராடி, 2003இல்தான் அது திறக்கப்பட்டது. அவர்களுக்கு அது வெறும் கடை அல்ல. அக்கம்பக்கத்தார் சந்தித்துக்கொள்ளும் இடமும் அதுவே. அங்கேதான் 2022 மே மாதம் 18 வயது வெறியன் ஒருவன், அங்கே கறுப்பினத்தார் கூடுவார்கள் என்பதற்காகவே தேடி வந்து சுட்டான்.

கடையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. "ரத்தம் சிந்திய தரையில் நடந்து எப்படிக் காய்கறி வாங்குவது? இடித்துவிடுங்கள்" என்றார்கள் சிலர். "மூடினால் அவன் ஜெயித்ததாகிவிடும், நாங்கள் அரிசிக்கு எங்கே போவோம்?" என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் நியாயம் இருந்தது. கடை மூடியிருந்த நாட்களில் மக்களை வேறு கிளைக்கு அழைத்துச் செல்ல நிர்வாகம் இலவச வண்டி விட்டது. இறந்தோர் நினைவுக்கு இடம் ஒதுக்கி, கடையை உள்ளே புதிதாக்கி, ஜூலை 15இல் மௌன அஞ்சலியோடு திறந்தது. அப்போதும் எல்லாரும் சமாதானம் ஆகிவிடவில்லை. மனம் ஒப்பாதவர்கள் இருந்தார்கள். மறுபடி அந்த வாசலை மிதிக்க முடியாதவர்களும் இருந்தார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, பேச்சு என்றால் முடிவில் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதே. துக்கத்தில் இருக்கும் ஊருக்கு முதலில் வேண்டியது காது. அடுத்து வேண்டியது அரிசி. அறிவுரை பிறகு. எந்தக் கடை இந்த வரிசையை மாற்றினாலும் அது விளம்பரம் தேடுவதாகத்தான் மக்களுக்குப் படும்.

இதைவிடக் கடினமான பேச்சும் ஒரு கடைக்காரர் குடும்பத்தால் நடந்திருக்கிறது. பஞ்சாபிலிருந்து சென்று அரிசோனா மாநிலம் மேசா நகரில் பெட்ரோல் நிலையம் நடத்தி வந்தவர் பல்பீர் சிங் சோதி. நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட நான்காம் நாள், 2001 செப்டம்பர் 15இல், கடைக்கு வெளியே பூச்செடி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவரை, தலைப்பாகையைக் கண்டு தவறாக எண்ணிய ஒருவன் சுட்டுக் கொன்றான். குடும்பத்தார் கடைவாசலில் ஆண்டுதோறும் நினைவுக் கூட்டம் நடத்தி ஊராரை அழைத்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2016இல், அவர் தம்பி ராணா சிங் சோதி சிறையில் இருந்த கொலையாளியோடு தொலைபேசியில் பேசினார். கொலையாளி வருத்தம் தெரிவித்தான். தம்பி மன்னித்தேன் என்றார். இப்படி மன்னிக்கும்படி யாரையும் யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த வாசலில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் கூடியது என்பது, எந்தக் கடைக்காரரும் செய்யக்கூடிய காரியம்.

சங்கம் செய்தால் ஊர் கேட்கும்

தனிக்கடை செய்வதைவிடச் சங்கம் செய்வது மேல் என்பதற்குத் தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரைச் சொல்லலாம். கொலம்பியா நாட்டின் தலைநகரான அங்கே 1993இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 80 கொலைகள் நடந்தன. பத்தாண்டுகளில், 2003இல், அது சுமார் 23ஆகக் குறைந்தது. இதற்குக் காரணம் ஒன்றல்ல. வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் துப்பாக்கி ஏந்திச் செல்லத் தடை இருந்தது. தடை இருந்த நாட்களில் கொலைகள் சுமார் 13 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2000இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மேயர் ஆன்டனாஸ் மோக்குஸ் 1995 கடைசியில் மதுக்கடைகளை இரவு 1 மணிக்கு மூட வைத்தார். 1996 கிறிஸ்துமஸ் சமயத்தில், அன்பளிப்புக் கூப்பனுக்கு மாற்றாக மக்கள் தாமே முன்வந்து கொடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளின் உலோகத்தை உருக்கிக் குழந்தைகளுக்குச் சோறூட்டும் கரண்டிகள் செய்தார்கள். காவல்துறையும் சீர்திருத்தப்பட்டது.

இதில் வணிகர்களின் பங்கு என்ன? பொகோட்டா வணிகச் சபை, ஒரு நாளிதழோடும் ஓர் அறக்கட்டளையோடும் சேர்ந்து 1998இல் "பொகோட்டா, எப்படிப் போகிறோம்?" என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை நிறுவியது. நகரம் எப்படி இருக்கிறது என்று ஆண்டுதோறும் மக்களிடம் கருத்துக் கேட்பது, பாதுகாப்பு உட்பட மேயர் கொடுத்த வாக்குறுதிகளில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று கணக்குப் பார்ப்பது, அதைப் பகிரங்கமாக வெளியிடுவது ஆகியவை அதன் வேலை. மேயர்கள் மாறினார்கள், கணக்குக் கேட்பது நிற்கவில்லை. பேரேடு எழுதும் பழக்கத்தை ஊருக்கும் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்லலாம். இது வணிகர்களுக்கே கைவந்த கலை.

நட்டம் வராதா?

வரும். அதை மறைப்பதில் பயனில்லை. புளோரிடா மாநிலம் பார்க்லேண்ட் பள்ளியில் 2018 பிப்ரவரி 14இல் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, டிக்ஸ் என்னும் விளையாட்டுப் பொருள் அங்காடி நிறுவனம் ராணுவ பாணி துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. 21 வயது நிறையாதவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் இல்லை என்றது. அதனால் 25 கோடி டாலர் அளவுக்கு விற்பனை போனதாக அதன் தலைவர் எட் ஸ்டாக் மதிப்பிட்டார். ஊழியர் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். ஆயினும் நிறுவனம் சாய்ந்துவிடவில்லை. 2017இல் சுமார் 859 கோடி டாலராக இருந்த விற்பனை, 2021இல் சுமார் 1,229 கோடி டாலர் ஆனது. கொரோனா காலத்தில் விளையாட்டுச் சாமான்களுக்கு ஏற்பட்ட கிராக்கியும் இதற்குக் காரணம் என்பதால், துப்பாக்கியை விட்டதால் லாபம் வந்தது என்று சொல்ல முடியாது. நட்டம் தாங்கக்கூடியதாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

பெரிய நிறுவனத்துக்குத் தாங்கும். தெருமுனைக் கடைக்குத் தாங்காது. பத்து வாடிக்கை போனால் மாதக் கடைசியில் வாடகை நிற்கும். எனவேதான் தனி ஒரு கடைக்காரர் கட்சி கட்டிக்கொண்டு பேச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சட்டம் செய்வது சட்டமன்றத்தின் வேலை. அதற்கு வணிகர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இரு தரப்பையும் உட்கார வைத்து, இருவராலும் மறுக்க முடியாத ஒரு கேள்வியை நடுவில் வைப்பதுதான் வணிகருக்குப் பொருத்தமான வேலை.

செய்ய வேண்டியவை

மேற்சொன்ன அனுபவங்களிலிருந்து, எந்த ஊர் வணிகர் சங்கமும் கைக்கொள்ளத்தக்க சில முறைகள் தெளிவாகின்றன.

முதலாவது, கேள்வி சிறியதாக இருக்க வேண்டும். "துப்பாக்கி வேண்டுமா, வேண்டாமா?" என்று தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் நாற்காலி பறக்கும். "நம் தெருவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கிறோமா?" என்று தொடங்கினால் வீட்டுக்குப் போய் பூட்டுப் போடுபவர் நாலு பேராவது இருப்பார்.

இரண்டாவது, எந்தத் தரப்பு மாற வேண்டுமோ அந்தத் தரப்பு நம்பும் ஆள் பேச வேண்டும். வால்மார்ட் 2019இல் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்தியபோது, அதன் தலைவர் தாமும் துப்பாக்கி வைத்திருப்பவரே என்று கடிதத்தில் சொன்னார். ஹூக்செட் ஊர் வியாபாரி சொன்னது எடுபட்டதும் இதனால்தான்.

மூன்றாவது, கடைச் சிப்பந்திகளிடம் முதலில் கேட்க வேண்டும். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட, தராசுக்குப் பின்னால் பையன்கள் நிற்கும் நேரம் அதிகம். ஆபத்து வந்தால் முன்னால் நிற்பவர்கள் அவர்கள். அவர்கள் பயத்தைக் கேட்காமல் ஊரின் பயத்தைக் கேட்கப் போவது முறையாகாது.

நான்காவது, அழைப்பு சங்கத்தின் பெயரில் போகட்டும். ஒரு கடையைப் புறக்கணிக்கலாம். ஒரு கடைவீதியையே புறக்கணிக்க எவராலும் முடியாது. மேடையும் மைக்கும் கட்சிக்காரர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் பொறுப்பு.

ஐந்தாவது, தேதி குறித்துத் தொடர்ந்து கூட வேண்டும். கணக்கு எழுத வேண்டும். சென்ற கூட்டத்தில் என்ன ஒப்புக்கொண்டோம், அதில் எத்தனை நடந்தது என்று அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். பற்று வரவு பார்க்காத கடை எப்படி நிலைக்காதோ, அப்படியே கணக்குப் பார்க்காத கூட்டமும் நிலைக்காது.

நம் நாட்டு வணிகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று இனியும் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறோம். நம்மவர் பிள்ளைகளும் உறவினரும் அமெரிக்காவில் வாழ்கிறார்கள். அங்கே கடையும் பெட்ரோல் நிலையமும் விடுதியும் நடத்தும் இந்தியர்கள் ஏராளம். அவர்கள் அங்குள்ள வணிகர் அமைப்புகளில் சேர்ந்து, இப்படிப்பட்ட பேச்சில் தம் பங்கைச் செய்ய நாம் கடிதத்திலும் தொலைபேசியிலும் தூண்டலாம். "இரவு எத்தனை மணிக்குக் கடை அடைக்கிறாய்?" என்று விசாரிப்பதோடு, "உன் தெருக்காரர்களைத் தெரியுமா, அவர்களோடு பேசுகிறாயா?" என்றும் விசாரிக்கலாம்.

இங்கே துப்பாக்கி அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை என்பது நம் பாக்கியம். ஆனால் தெருச் சண்டையும் சாதிக் கலவரமும் வந்தால் முதலில் கதவை இழுத்து மூடுவது நம் கடைகள்தாம். முதல் கல் விழுவதும் நம் கண்ணாடியில்தான். கலவரம் முடிந்த பிறகு கோட்டாட்சியர் கூட்டும் அமைதிக் கூட்டத்தில் வணிகர் சங்கத் தலைவருக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். அந்த நாற்காலியைக் கலவரத்துக்கு முன்பே, நம் சங்கக் கட்டடத்திலேயே, நாமே போடக் கூடாதா? வாடகைச் செலவு இல்லை. இருபது பேருக்கு டீயும் வடையும் போதும். இந்த மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் இதையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நம் கிளைச் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.